ஒரு சிட்டிகை லட்டு

பெருமாளை நம்பியிருக்கிற உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன கார்த்திகையில் என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் வீங்கிவிட்டது. வடமாலபேட்டையில் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். மனுஷனுக்குப் பல வருஷக் குடி. இனிக் குடித்தால் உயிர் தங்காது என்று திருப்பதி டாக்டரம்மா சொன்னதும் திருப்பதி பெருமாளுக்கு விரதமிருக்கிற கோவிந்தமாலை போட்டுக்கொண்டார். குடியைத் தொடவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

மாலை போட்டவருக்குச் சோறு போட்டால் புண்ணியம் அல்லவா? தெருவே போட்டது. நெய் ஒழுகும் பொங்கல், புளியோதரை, லட்டு. சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? இவர் வாய்க்கோ ஓய்வே இல்லை.

மறுபடி ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. குடியைத்தான் விட்டுவிட்டாரே என்று அழுதேன்.

டாக்டரம்மா புத்தூர்க்காரர். "தொப்பை சும்மா தொங்கிகினு இல்லம்மா. அந்தக் கொழுப்பும் ஹார்மோன் சுரக்குது. அது ஏற ஏற, கல்லீரலக் காப்பாத்துற ஹார்மோன் கொறைஞ்சு பூடுது. குடி ஒரு பக்கம் அடிச்சுது, இது இன்னொரு பக்கம். நெய்யி, இனிப்பெல்லாம் கொறைக்கணும்" என்றார்.

விரதம் முடிந்து மாலை இறக்கத் திருமலைக்குப் போனோம். மலையேறும் அலிபிரிப் படிகளில் விடியற்காலைப் பனி. முன்னால் போகிறவரின் கால்கூடத் தெரியவில்லை. கோவிந்தா என்ற குரல்கள் மட்டும் மேலே மிதந்துபோயின. இவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெருமாளே, இவரை எனக்குக் கொடு, உன் பிரசாதத்தைத் தள்ளுகிற பாவமும் வேண்டாம், நீயே வழி சொல் என்று கேட்டேன்.

கண் திறந்தபோது பனிக்குள்ளிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு லட்டு. படியில் இருந்த எல்லோருக்கும் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி வைத்தார். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கிடைக்கும் என்று நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"அவ்ளோதான் நைனா. கண்ணுல ஒத்திகினு வாயில போடு. துளியிலயும் பெருமாளு முழுசாத்தான் கீறாரு."

சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வந்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. என் மனசுக்குத் தெரியும்.

மாலை இறங்கியது, குடி திரும்பவில்லை. மாத்திரை, கேழ்வரகுக் களி, கீரை, தினமும் தோப்பு வரைக்கும் நடை. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. போன மாதம் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தார். "தேறிக்கினு வருதும்மா" என்றார். அங்கேயே கை கூப்பிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பெருமாளிடமும் கேளுங்கள், வழி காட்டுவான்.

நேற்றுப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பொங்கல் வந்தது. இவர் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ துன்னு. எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு."