பின்வாசலில் காயவைத்த முடிக்கொத்து

முகத்தில் சோப்பு நுரை தடவ ஒரு பிரஷ் வேண்டும். அது எங்கள் ஊர் அதியமான்கோட்டைப் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடி, நுனியில் கொஞ்சம் முடி, ஒரு வருஷம் தாராளமாக உழைக்கும். என் அப்பா அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, போர்வெல் போட்டு, மாட்டுக்கொட்டகையும் கட்டிவிட்டார். எனக்கு அது போதவில்லை. நான் படித்தவன்.

அரூரில் ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார் நான். தினமும் தருமபுரி போய் அங்கிருந்து அரூர் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே போகும்போதுதான் சவரத்தைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு குழுவில் போய் விழுந்தேன். உலகமெங்கும் உள்ள ஆண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் போட்டோவில் தாடியோடு இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பெரிய மனிதர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்: பிரஷ் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு பொருள். கைப்பிடியை ஒருவரிடம் அளவு கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். முடிக்கொத்தை வேறொருவரிடம் வாங்க வேண்டும். பிறகு பசை போட்டு நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியே விற்பதை வாங்குகிறவன் ரசனை கெட்டவன். எனக்கு ரசனை கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

கைப்பிடிக்கு இங்கிலாந்தில் ஒருவரைப் பிடித்தேன். உள்ளங்கை அகலம் என்ன என்று கேட்டார். பள்ளி ஆய்வகத்து வெர்னியர் காலிப்பரில் என் கையை நானே அளந்து அனுப்பினேன். என்ன நிறம் என்று கேட்டார். கேழ்வரகு நிறம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. களி உருண்டையை போட்டோ எடுத்து அனுப்பினேன். அருமையான மண் நிறம் என்று பாராட்டினார். இதை நாங்கள் சாப்பிடுவோம் என்று எழுதினேன். இரண்டு நாளைக்கு அவரிடமிருந்து பதில் இல்லை.

முடிக்கொத்துக்குச் சீனாக்காரர் ஒருவர். ஒவ்வொரு செய்தியையும் ‘என் அருமை நண்பரே’ என்றுதான் ஆரம்பிப்பார். என் மாமனார்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேட்ஜர் என்று ஒரு மிருகம், மண்ணைத் தோண்டி வளை பறித்து வாழ்வது, அதன் முடி. அடியில் பசை போட்டு இறுக்கி, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கொத்தாகக் கட்டி அனுப்புவார்.

இதையெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல்தான் செய்தேன். அம்மா புது கிரைண்டர் கேட்டு, நான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி ஆறு மாதம் ஓடியிருந்தது. பீரோவில் என் சட்டைகளுக்குப் பின்னால் ஏற்கெனவே ஐந்து பிரஷ்கள் ஒளிந்திருந்தன. என் மனைவிக்கு இரண்டுதான் தெரியும். அந்த இரண்டுக்கே, “ஏங்க, இருக்கறது ஒரு மூஞ்சிதானுங்க?” என்று கேட்டிருந்தாள். ஆகவே பார்சல்களைப் பள்ளி முகவரிக்கு வரவழைத்தேன்.

முடிக்கொத்துதான் முதலில் வந்தது. நுனி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் மறுபடி வெளுப்பு. கூடவே நண்பர் ஓர் இலவசப் பரிசும் வைத்திருந்தார்: முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு சிவப்புக் கயிறு. அவர்கள் ஊரில் அது ராசியாம். மழையில் நனைந்த வெள்ளாட்டு வாடை அடித்தது கொத்து. புதிது அப்படித்தான் நாறும், ஷாம்பு போட்டு அலசி, முடி கீழே தொங்கும்படி காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் கட்டித் தொங்கவிடு என்றது குழு.

எங்கள் வீட்டில் நல்ல காற்று பின்வாசலில்தான். அது வடக்குப் பார்த்த வாசல். எதிரே சித்தப்பா வீடு. நடுவில் உள்ள முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. குழாய், துணி காயும் கொடி, கறிவேப்பிலை மரம் எல்லாமே பொது. அம்மாவும் சின்னம்மாவும் ஓரகத்திகள். முப்பது வருஷமாக இந்த முற்றத்தில் குழம்புக் கிண்ணம் போகாத, வராத நாள் இல்லை. பின்வாசல் நிலைக்கு மேலே மாவிலை கட்ட ஓர் ஆணி உண்டு. பொழுது விடியும் நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, அலசிய கொத்தை அந்தச் சிவப்புக் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

வீட்டு நிலையில் சிவப்புக் கயிறு போட்டு முடி தொங்கினால் அது என்ன என்று எங்கள் மாவட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். வருஷா வருஷம் மேடையேறி மூடநம்பிக்கையைப் பற்றி முழங்குகிற வேதியியல் வாத்தியாருக்கு மட்டும் தோன்றவில்லை. என் கவலையெல்லாம் முடி சீராகக் காய வேண்டுமே என்பதுதான்.

மூன்றாவது பீரியடில் மனைவி போன் செய்தாள். “ஏங்க, நம்ம வூட்டுக்கு யாரோ செய்வினை வெச்சிட்டாங்களாம். முடிங்க, செவப்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்குது. அத்தை அழுவுறாங்க. வெரசா வாங்க.”

எனக்கு விஷயம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் மனதில் வந்தது அம்மாவின் அழுகை அல்ல. யாராவது தொட்டு முடியைக் கலைத்துவிடுவார்களே என்பதுதான்.

நான் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் வத்தல்மலை அடிவாரத்துப் பூசாரி உட்கார்ந்திருந்தார். வாழையிலையில் என் கொத்து, சுற்றிலும் எலுமிச்சம்பழம், மிளகாய், கற்பூரம். அவர் கொத்தை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

“தோ பாரும்மா, இது மனுச முடி கெடையாது. மண்ணத் தோண்டி வளையில குடியிருக்கற மிருகம். காசு குடுத்து வாங்குன சாமான். வடக்க இருந்து வந்திருக்குது.”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. என் குழுவில் இருபது வருஷம் அனுபவம் உள்ளவர்களே பேட்ஜர் முடிக்கும் பன்றி முடிக்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்துக்கொள்வார்கள். இந்த மனிதர் குச்சியால் ஒரு புரட்டுப் புரட்டிச் சொல்லிவிட்டார். திசையில்கூடத் தப்பில்லை. சீனா வடக்கில்தானே இருக்கிறது? ஆனால் அம்மாவுக்கு வடக்கு என்றால் முற்றத்துக்கு அந்தாண்டை இருக்கும் வீடு. அதற்கு அப்பால் உலகம் இருப்பதாக அன்றைக்கு அவர் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

பூசாரி கொத்தைக் கொளுத்தினார். முடி பொசுங்கும் நாற்றம் நெடுஞ்சாலை வரைக்கும் போயிருக்கும். அம்மா எழுந்தார். இரண்டு கையாலும் மண்ணை வாரினார். சின்னம்மா வீட்டுப் பக்கம் பார்த்துத் தூற்றினார்.

“எங்கூட்டு வாசல்ல கட்டுனவ கை வெளங்காமப் போவட்டும்!”

கட்டிய கை என் பாக்கெட்டுக்குள் இருந்தது.

சின்னம்மா தன் வாசலில் நின்றிருந்தார். கையில் கழுவாத கிண்ணம். “அக்கா, என்னியவா சொல்ற?” என்று கேட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சின்னம்மா அப்புறம் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் சண்டை ஆரம்பித்த உடனேயே கலந்து பேசி ஒரு முடிவு எடுத்து, சேர்ந்தே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். குடும்பத்தில் புத்தி உள்ளவர்கள் அவர்கள் இருவரும்தான்.

இது வேறு சமயத்தில் நடந்திருந்தால் பத்து நாளில் ஆறியிருக்கும். மூன்று வாரத்தில் சின்னம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்கு ஒரே பெண். முதல் தட்டு பெரியம்மா எடுத்துக் கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். அம்மா, “அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் முதலில் பெரியம்மா எங்கே என்றுதான் கேட்பார்கள். சொந்த ஓரகத்தியே மிதிக்காத வீட்டில் என்ன குறையோ என்று சந்தேகப்பட்டு எழுந்து போனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்தப் பெண் குழாயடிக்கு வரும்போதெல்லாம் எங்கள் பின்கதவைத் திரும்பிப் பார்ப்பாள். கதவு சங்கிலி போட்டுச் சாத்தியே கிடந்தது.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது வசனமெல்லாம் தயார் செய்வேன். வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் கிரைண்டர் ஞாபகம் வரும். ஊரே கூடிச் சிரிக்கும் என்று தோன்றும். பள்ளியில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பார்கள் என்று தோன்றும். கைப்பிடி வரட்டும், சாட்சியோடு சொன்னால் நம்புவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா முகத்தைப் பார்க்கக் கூசித் தலை குனிந்து நடந்த அதே வாரத்தில், பஸ்ஸில் உட்கார்ந்து, எரிந்ததற்குப் பதிலாக இன்னொரு முடிக்கொத்துக்கு ஆர்டர் போட்டேன். சீனாக்காரர், ‘என் அருமை நண்பரே, முதல் கொத்து திருப்திதானே?’ என்று கேட்டிருந்தார்.

நிச்சயத்துக்கு முதல் நாள் கைப்பிடி வந்தது. அழகாகத்தான் இருந்தது. அசல் கேழ்வரகு நிறம், என் உள்ளங்கைக்கென்றே கடைந்த வளைவு, உச்சியில் முடி இல்லாத ஒரு பொந்து. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார். “பாத்தியாம்மா? வெச்சது மண்டைக்கு ஏறிடுச்சு. மூஞ்சி வழிக்க சீனாவுல இருந்து முடி வாங்குனானாம். நல்லா இருந்த பையன்.”

போனில் போட்டோவைக் காட்டினேன். அந்த வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றார். மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தேன். திருநீறு எடுத்துவரச் சொன்னார். நான் பேசப் பேச வியாதி முற்றிக்கொண்டே போனது.

என் மனைவிதான் போய் பீரோவைத் திறந்தாள். சட்டைகளைத் தள்ளி ஐந்து பிரஷ்களையும் கொண்டுவந்து அம்மா எதிரில் வரிசையாக வைத்தாள். ஐந்தும் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து அந்தக் கறுப்புப் பட்டையை விரலால் தடவினார்.

“மண்ண வாரித் தூத்தும்போது பக்கத்துலதானடா நின்ன?” என்றார்.

ஆமாம் என்றேன். அம்மா எழுந்து போய் பின்கதவுச் சங்கிலியை எடுத்தார்.

சின்னம்மா வீட்டில் பாத்திரங்களின் சத்தம். எங்களைக் கண்டதும் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். அம்மா வாசற்படியில் நின்றபடியே, “இவன்தான் கட்டுனானாம். சவரம் பண்ற சாமானாம்” என்றார். நான் கையில் இருந்த கைப்பிடியை நீட்டினேன், அது ஏதோ விளக்கம் சொல்லும் என்பதுபோல. சின்னம்மா அதைப் பார்க்கவே இல்லை.

“நீ கட்டுனது எனக்குத் தெரியும்பா. அன்னிக்கிக் காலைல தண்ணி புடிக்க வந்தப்ப ஸ்டூல் போட்டு ஏறி நின்ன. எங்கூட்டப் பாத்துக் கட்டுன. எம் பொண்ணு நிச்சயத்துக்கு நீ என்னமோ பண்றேன்னு பயந்துட்டேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்னடி?” என்று அம்மா கேட்டார். அழுதுகொண்டே கேட்டார்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். மத்தியானம் நீ மண்ணத் தூத்துனப்பதான் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுது. பெத்தவகிட்டப் போயி உம் மவன்தான் கட்டுனான்னு எப்பிடிக்கா சொல்றது? நீ தாங்குவியா? எம் பொண்ணுக்கு இந்தக் கல்யாணம் நின்னா இன்னொரு எடம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. சூனியக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, கட்டியவன் யார் என்று தெரிந்தும், மூன்று வாரம் அந்த அம்மாள் என் பெயரைச் சொல்லவில்லை. நான் ஒரு பிரஷ்ஷுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே போய், அடுக்கியிருந்த தட்டுகளில் பூ வைத்த முதல் தட்டைச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வெற்றிலையை மாற்றி அடுக்கினார். அந்தப் பெண் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சரி, நின்னுட்டே இருக்காத. மூஞ்சியப் பாரு, மூணு நாள் தாடி. மாப்ள வூட்டுக்காரங்க வர நேரமாச்சு. போயி வழிச்சிட்டு வா.”

வீட்டுக்கு வந்தேன். ஐந்து பிரஷ்களும் மனைவி வைத்த இடத்திலேயே தரையில் கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போய், குளிக்கிற சோப்பைக் கையால் முகத்தில் தேய்த்து வழித்துக்கொண்டேன்.