மீன்முள் ஓடும் வாள்

"இடுக்கி எங்கேய்யா போச்சு?" என்று ஹாடுமார் என்னிடம் கேட்கும்போது, இடுக்கி அவர் இடது கையிலேயே இருக்கும். நான் கரி மூட்டையை இறக்கிவிட்டு அந்தக் கையைக் காட்டுவேன். "இங்கதான் இருக்கியா, சனியனே!" என்று இடுக்கியைத் திட்டுவார். ரைன் ஆற்றங்கரையில் எங்களுக்கெல்லாம் வாள் அடித்துத் தருபவர் இவர்தான். தான் சாப்பிட்டாச்சா என்பதைக்கூட மனைவி ஓதாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

இரும்பில் மட்டும் தடுமாற மாட்டார். மெத்தென்ற இரும்பையும் கடினமான இரும்பையும் அடுக்கி, காய்ச்சி ஒட்டி, கயிறு போல முறுக்குவார்; ஒரு கம்பியை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம். அவற்றைச் சேர்த்து அடித்து, ஓரங்களில் வெட்டுவாய் வைத்து, தேய்த்து, புளித்த பியரில் ஊறப்போட்டால் அலகின் நடுவே மீன்முள் போலக் கோடுகள் ஓடும். "என் மீன்முள்ளு எனக்குத் தெரியாதா?" என்பார். பட்டறையில் யாரையும் உட்கார விடமாட்டார். "ஆளு உக்காந்தா இரும்புக்கும் சோம்பல் வந்துரும்." இருக்கிற ஒரே மரக்கட்டையின் மேலும் சுத்தியல்களைக் குவித்து வைத்திருப்பார்.

போன மாதம் எங்கள் ஊர் கெர்லிந்த் ஒரு வாளோடு வந்தாள். சாக்சன் எல்லைப் போருக்குப் போன அவள் கணவனைப் பற்றி மூன்று வருடமாகத் தகவலே இல்லை. அவன் இடுப்பில் போனது ஹாடுமார் அடித்த வாள். அந்த எல்லையில் வாங்கியதாக ஒரு படகு வணிகன் சொன்ன வாளைத்தான் அரை நாள் இரவலாகக் கொண்டுவந்திருந்தாள்.

"பிடி புதுசுண்ணே, அலகப் பாத்துச் சொல்லுங்க. உசிரு இருக்கறவரைக்கும் அவரு வாள விடமாட்டாரு. நான் பொண்டாட்டியா, கைம்பெண்ணான்னு தெரியாம எத்தன நாளைக்கு இருக்கறது?"

ஹாடுமார் வெளிச்சத்தில் திருப்பினார், முகர்ந்தார், நக்கிக்கூடப் பார்த்தார். முறுக்கு நுனிக்கு நாலு விரல் முன்பே நின்றிருந்தது. அந்த இடத்தைத் தடவி ஏதோ முனகினார். ஆனால் அலகில் மீன்முள் இல்லை. எல்லாம் சுருள் சுருளாக வளையங்கள்.

"இது என் வேல இல்ல, தங்கச்சி."

அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். வாத்து அடித்து எங்களுக்கு விருந்து வைத்தாள். நான் வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

நேற்று அவரே அடித்த பழைய வாள் ஒன்று துரு தின்று வந்திருந்தது. நான் சாணைக்கல்லைச் சுற்ற, துரு போகும்வரை ஆழமாகத் தேய்த்தார். "நிறுத்துய்யா!" என்றார். மீன்முள் மங்கி, அதே இடத்தில் வளையங்கள் சுருண்டிருந்தன.

"இவ்ளோ ஆழமா நான் தேய்ச்சதே இல்லையே... முறுக்குக்குள்ள இப்படியா இருக்கும்?" அலகின் நுனியில் விரல் வைத்தார். முறுக்கு நாலு விரல் முன்பே நின்றிருந்தது. "எல்லா வாள்லயும் இப்படித்தான்யா நிறுத்துவேன். கெர்லிந்த் கொண்டாந்ததுலயும் அப்படித்தான்... அதையும் யாரோ ஆழமாத் தேய்ச்சிருக்காங்க. அப்ப அது என்னுதுதானா? நான் இல்லைன்னுட்டேனேய்யா!"

நான் சாணைக்கல்லின் கைப்பிடியை விட்டேன்.

அந்த நேரம் பார்த்து கெர்லிந்த் தேன் அப்பத்தோடு நுழைந்தாள். கழுத்தில் புது நீலமணி மாலை.

"அவரு வந்ததும் வாள்பிடிக்கு வெள்ளிக்கம்பி பதிச்சுத் தரணும்ணே, ஆமா!"

 ஹாடுமார் மரக்கட்டை மேலிருந்த சுத்தியல்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். கட்டையைத் இடுப்பில் கட்டியிருந்த தோலால் துடைத்து, அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.