தாவூஸின் சிங்கக் காப்பு

ஹமதானில் கிணறு தோண்டுபவனின் மனைவியாகப் பதினெட்டு வருடம் வாழ்ந்த தாவூஸுக்கு அவன் இறந்தபோது விட்டுப்போனது ஒரே ஒரு தங்கக் காப்பு. ஆழத்து மண்ணில் கிடைத்தது. எந்த ராஜா காலத்ததோ. இரு முனையிலும் இறக்கை முளைத்த சிங்கங்கள். தலையில் ஆட்டுக்கொம்போடு, வாயைப் பிளந்து ஒன்றையொன்று முறைக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் கையில் ஏறும். மகள் மஹ்ரோக்கின் நிச்சயத்துக்கு அதைப் போடுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டும் போயிருந்தார்கள்.

தெஹ்ரானிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஸர்கூப், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கைக் காப்பைப் பார்த்தார்.

"என்ன அழகு, கானும்!" என்றார், அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால்.

"உங்களுக்கே, ஐயா. எடுத்துக்கோங்க."

விருந்தாளி புகழ்ந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவரும் முறைப்படி மறுத்தார். மறுபடி சொன்னாள், மறுத்தார். மூன்றாம் முறை கழற்றியே நீட்டினாள். "உங்க மனசு நோகக் கூடாது," என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தெருமுனை தாண்டியதும் நாத்தனார் எஃபத் வெடித்தாள். "கழட்டி வேற நீட்டணுமா? நிச்சயத்தன்னிக்கு உன் உபசாரத்தையா பொண்ணு கையில மாட்டப் போற?"

"குடுத்ததை எப்படி திருப்பிக் கேப்பேன்?"

"கேக்காத. மஹ்ரோக் உன்கூடவே கெடக்கட்டும்."

தாவூஸ் தூங்கவில்லை. நாம் புகழ்ந்தால் அவரும் 'உங்களுக்கே' என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? காலையில் அவர் ஊர் திரும்பும் வண்டி கிளம்புமுன் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஐயா, உங்ககிட்ட இருக்கற சிங்கக் காப்பு எவ்வளவு அழகு!" என்றாள்.

ஸர்கூப் சிரித்தார். "உங்களுக்கே, கானும்."

"ஐயையோ, வேண்டாம்! அது உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு."

வாய் முந்திக்கொண்டது. நாற்பது வருடப் பழக்கம். அவர் தலையாட்டிவிட்டுப் படியில் கால் வைத்தார். மறுபடி சொல்லவே இல்லை.

தாவூஸ் அவர் கோட்டைப் பிடித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னது?"

"உங்களுக்கேன்னு. இன்னொரு தடவை."

வரிசை சிரித்தது. "சொல்லித் தொலைங்க ஐயா, வண்டி எடுக்கணும்!" என்றார் ஓட்டுநர். காது சிவக்க முணுமுணுத்தார் ஸர்கூப். காப்பு வந்து விழும்வரை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

அவள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. நிச்சயம் நடந்தது. சம்பந்தியம்மாள் காப்பைப் பார்த்தாள், 'அழகு' என்ற வார்த்தையை மட்டும் தவிர்த்தாள். அதற்குப் பிறகு தாவூஸ் வீட்டில் யாரும் எதையும் புகழ்ந்ததில்லை.

"சோறு எப்படி இருக்கு?" என்று அவளாகவே கேட்பாள்.

"சாப்பிடறோம்," என்பார்கள்.