அக்காவிடம் தனியாகக் கேட்கச் சொன்னவன்

பல்லடம் பக்கம் வேலாமரம் தவிர எதுவும் முளைக்காத மேட்டுக்காட்டில் தறிக் கொட்டகை போட்டவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. தண்ணீரே இல்லை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். ஊருக்குள் பஸ் வரவைத்தேன். உட்காரக்கூடச் சொல்லாத பேங்க்காரர் பின்னாளில் என் வீட்டு விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். இதெல்லாம் ஊரறிந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் செய்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்காவை அங்கே சேர்த்திருந்தார்கள். கோழிப்பண்ணை வைத்திருந்த அவள் மகன்தான் காரில் கொண்டுவந்தான். விழுந்துவிட்டாள் என்றான். முன்பும் அப்படித்தான் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறான்.

நான் போனபோது டாக்டரம்மா கட்டிலருகே நின்றிருந்தார். சின்ன வயது, நல்ல மனசு. ஆனால் எங்கள் பக்கத்து மரியாதை அவரையும் கட்டிப்போட்டிருந்தது. பெரிய வீட்டுப் பையன் நாற்காலியில் இருக்கிறான், கேள்வியெல்லாம் அவனுக்குத்தான்.

"ஏனுங்க, அம்மா எப்படி விழுந்தாங்க?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க. சொன்னா எங்க கேக்கறாங்க."

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். பெற்ற மகனை அடுத்தவர் முன்னால் மறுத்துப் பேச எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வராது. அவளுடைய இரண்டு மணிக்கட்டும் சுற்றிலும் கன்றியிருந்தன. டாக்டரம்மா பார்வையும் அங்கேதான் நின்றது. அவனை வெளியே போகச் சொல்ல மட்டும் அவருக்கு நா எழவில்லை.

தாய்மாமன் நான் சொல்லலாமே.

"மாப்பள, கீழ போயி எனக்கொரு டீ வாங்கியா."

"ஆளு உட்டு வாங்கிக்கலாமுங்க மாமா."

"ஏன், கோழிக்குத் தீனி போடற கைக்கு டீ டம்ளர் கனக்குதா? போ கண்ணு."

போனான். கதவைச் சாத்தினேன். "இப்ப அவளையே கேளுங்க அம்மணி. நானும் வெளிய நிக்கறேன்."

"நீ இரு கண்ணு" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "வீட்ல யாரைக் கண்டாவது பயமா இருக்குதுங்களாம்மா?"

அக்கா சாத்திய கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறனுங்க. பண்ணைக்குப் போறப்ப கட்டலோட கட்டிப்போட்டுப் போயிருவானுங்க. எந்திரிக்கப் பாத்தா அடி. அவன் கெட்டவனில்லீங்க, வேல ஜாஸ்தி. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

தறிச் சத்தத்தில் மந்தமாகிப்போன என் காதில் அத்தனையும் விழுந்தது.

அவன் டீயோடு திரும்பியதும், அம்மாவை உங்களோடு அனுப்ப மாட்டேன் என்று டாக்டரம்மா அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்காவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நல்ல அறை, பார்த்துக்கொள்ள ஆள், எல்லாம் இருந்தது. வாசலில் கார் சத்தம் கேட்டால் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்காருவாள். "அவன்தானா பாரு." வந்து பார்த்துவிட்டுப் போ என்று தாய்மாமனாக அவனை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். டீ வாங்க அனுப்பிய அன்றோடு என் சொல் அவனிடம் செல்லாமல் போயிருந்தது. கொள்ளி வைக்கத்தான் வந்தான். இவ்வளவு கட்டியவனால் அவனை ஒரு பொழுது அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் வயசானவர்கள் காயத்தோடு வந்தால், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்கிறார்கள். நர்சுகளுக்கு டாக்டரம்மா அதைச் சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் நன்கொடை கொடுத்தவனாக நானும் உட்கார்ந்திருந்தேன். அனுபவத்தில் கண்டது என்றார். யார் அனுபவம்? அக்காவையும் மகனையும் இழுக்க வேண்டாம். அவள் கேட்டுக்கொண்டது அது. ஆனால் முதலில் கதவைச் சாத்தியவன் காயத்தோடு வந்த ஓர் அம்மாவின் தம்பி, ஒரு தறிக்காரன் என்பதை டாக்டரம்மா இனிமேல் சேர்த்துச் சொல்ல வேண்டும்.