முதல் கம்பி

திருமுடிவாக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் எவனும் காதை மூடிக்கொள்ள மாட்டான். கம்பெனியில் காதடைப்பான் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டியிருப்போம். சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் காதுக்கு ஏறும், அவர் போனதும் இறங்கிவிடும். திமிரால் அல்ல. தகடு அடிக்கும்போது டை என்கிற இரும்பு அச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம்தான். "மச்சான், சத்தம் மாறிகினு கீது, நிறுத்து!" என்று பக்கத்து மெஷின்காரன் கத்துவான். நிறுத்திப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் டை உடையும், சில நேரம் ஆள் விரலும் போகும். நான் டையை மெஷினில் பொருத்துகிற டை செட்டர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பத்து விரலும் முழுசாக இருப்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதலில் குக்கர் விசில் போனது. பொழிச்சலூரில் எங்கள் மாடிக்கு மேலே விமானம் இறங்கும் உறுமல் இன்றைக்கும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டே சாதத்தைக் கருகவிட்டேன். மனைவி திட்டியது பாதிதான் விழுந்தது. அப்புறம் காலிங் பெல், அப்புறம் போனில் மகள் குரல். சந்தடி இல்லாத நேரத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும், அணைக்கவே முடியாத டியூப்லைட் மாதிரி.

தாம்பரத்தில் காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் விழுந்தது. "மெஷின் வெச்சா பேச்சு ஓரளவு புரியும் சார். போனது போனதுதான். இன்னும் இறங்கும்" என்றார். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். கம்பெனியில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சத்தம் கேட்காத டை செட்டரை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

மகள் காலேஜில் வாங்கிய கிட்டார் பீரோ மேல் கிடந்தது. கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போனது. அதை இறக்கித் துடைத்தபோது எனக்கு இருந்தது ஒரே ஆசைதான்: காது முழுசாக அடைவதற்குள் ஒரு பாட்டை, ஒன்றே ஒன்றை, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நானே வாசித்து நானே கேட்டுவிட வேண்டும். சின்ன வயதில் ஆசைப்பட்டு விட்டது என்றெல்லாம் கதை கிடையாது. போகப்போகிற சாமானைப் போவதற்குள் உபயோகித்துவிட வேண்டும் என்கிற வெறி, அவ்வளவுதான்.

தாம்பரத்திலேயே ஒரு கிளாஸில் சேர்ந்தேன். "என்ன சார்? என்ன சார்?" என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, வாத்தியார் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. நின்றுவிட்டேன். அதன் பிறகுதான் இணையத்தில் ஒரு கிட்டார் கிளாஸின் மெம்பர்ஷிப் கிடைத்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு தாடிக்காரர், விரலால் மீட்டும் ப்ளூஸ் என்கிற அமெரிக்க இசையைச் சொல்லித் தருகிறார். பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடும். வேகத்தைக் குறைக்கலாம், ஒரே இடத்தை நூறு தடவை ஓட்டலாம், அவர் முகம் மாறவே மாறாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்த வாசிப்பில் கட்டைவிரல் தனி ஆள். தடித்த கம்பியில் அது பாட்டுக்கு டம், டம் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். விரல்கள் என்ன செய்தாலும் கட்டைவிரல் பதறக் கூடாது. பலருக்கு இதற்கே மாதக்கணக்காகும் என்றார். எனக்கு ஒரே வாரத்தில் வந்தது. பிரஸ் அடிக்கு அடி மாறாமல் விழுவதைப் பார்த்து வளர்ந்த உடம்பு. கிட்டாரின் முதுகு நெஞ்சில் அதிர்வதை எலும்பால் கேட்டேன். ஸ்டோரிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி, "நல்லாருக்குங்க" என்பாள். அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பானேன்?

பாட்டு ஒரு வழியாக முடிந்தது. மெம்பர்கள் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் தாடிக்காரர் பார்த்துப் பதில் வீடியோ போடுவார். பொங்கல் லீவில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசித்து அனுப்பினேன். பதில் வந்ததும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கட்டைவிரலை அப்படிப் புகழ்ந்தார். கடிகாரம் தோற்றுவிடும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். எழுத்து ஓடியது: மெல்லிய முதல் கம்பி சுருதியில் ரொம்ப இறங்கியிருக்கிறது, பாட்டு முழுக்க அபஸ்வரமாகக் கேட்கிறது, தினமும் போனில் ட்யூனர் முள்ளைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் காதால்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடித்தவனுக்கு முள் எதற்கு?

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்தே. கீழ் வூட்டு அக்காகூட இன்னா இப்டி கேக்குதுன்னுச்சு. அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னேன். பொண்ணுகிட்டயும் சொல்லக்கூடாதுன்ட்டேன்."

"ஏன்டி?"

"அத்த எடுத்து வாசிக்கிறப்போதான் உங்க மூஞ்சில கொஞ்சம் உயிர் வருது. சொன்னா திரும்பப் பீரோ மேல போட்டுடுவீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கிட்டாரைத் தூக்கித் தரையில் அடித்திருப்பேன். கீழ் வீடு, மகள், மனைவி என்று ஊரே சேர்ந்து ஒரு செவிடனைத் தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கேட்டதாக நினைத்த பாட்டு இந்த வீட்டில் ஒலிக்கவே இல்லை. அவள் அழுதாள். அழுகைச் சத்தம் வரவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ராகுகாலம் முடிகிற மாதிரி அந்த ஆத்திரமும் ஒரு நேரத்தில் முடிந்தது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவளை எதிரில் உட்காரச் சொன்னேன். இரண்டாம் கம்பியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் வரும் சத்தமும் முதல் கம்பியின் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். இதற்குச் சங்கீதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. "ஏத்தணுமா, இறக்கணுமான்னு மட்டும் சொல்லு" என்றேன்.

முறுக்கினேன். தட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஏத்துங்க... இன்னும்... ஐயோ, தாண்டிடுச்சு, லேசா இறக்குங்க... ஆங், இப்ப ஒண்ணாயிடுச்சு."

எனக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

"நெஜமாவா?"

"சத்தியமா."

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. முள்ளைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இந்த முறையும் அவள் பொய் சொல்லியிருந்தாலும், அவளை விட்டால் எனக்கு வேறு காது இல்லை.