இறங்காமல் ஏறிய ஏற்றம்

இந்த நாட்டில் சைக்கிளுக்கு டயர் தேய்வதற்கு முன்னால் பிரேக் கட்டை தேய்ந்துவிடுகிறது. அங்கே இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் பாதி சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது. வாய்க்கால் கரையில் மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். அதுகூட எனக்கு வாடகை சைக்கிள்தான். சொந்தமாக ஒன்று வாங்கும் வயது வருவதற்குள் சிலோனுக்குக் கப்பல் ஏறிவிட்டேன். இங்கே லிந்துலை மலையில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். மாதம் ஒரு ஜோடி கட்டை மாற்றுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தபால் வேலை. காலையில் பையோடு லிந்துலைக்கு இறங்குவேன். திரும்பி வருவது முழுக்க ஏற்றம். ஆபீசுக்குக் கொஞ்சம் கீழே தோட்டத்தை ஆளுகிற துரையின் பங்களா. பங்களா வேலி தொடங்கும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, வேலி முடியும்வரை உருட்டவேண்டும். மழையானால் குடையையும் மடக்கவேண்டும். யாரும் எழுதி ஒட்டவில்லை. வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தலவாக்கலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசீம் நானாவும் வேறு கடைக்காரர்களும் சேர்ந்து, அட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் ஒரு சவாரி ஏற்பாடு செய்தார்கள். சைக்கிள் உள்ள யாரும் வரலாம். பந்தயம் இல்லை. முதலில் போனவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே பனிஸ் பன், ஒரே பால் இல்லாத பிளேன்டீ. ஒரே ஒரு நிபந்தனை. எந்த ஏற்றத்திலும் உருட்டக் கூடாது.

நான் பெயர் கொடுத்தேன். பேக்கரிப் பாணை, அதாவது ரொட்டியை, பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டி விற்கிற சிங்களவன் பியதாசவும் கொடுத்தான். இருவரும் சேர்ந்து ஏறிப் பழகினோம். எங்கள் தோட்டத்து ரோட்டை விடச் செங்குத்து வேறு இல்லை. நானா சொன்னார்: “மேல பாக்காதீங்க தம்பி. மேல பாத்தா கால் செத்துடும். முன் சக்கரத்த மட்டும் பாருங்க.” தபால் பையில் கல்லைப் போட்டு ஏறினேன். பத்து மிதிக்கு ஒரு மூச்சு. பியதாச பாம்பு மாதிரி ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து ஏறுவான். அது அவன் வழி.

முதல் நாள் வேலி வந்ததும் நான் இறங்கினேன். முன்னால் போன பியதாச திரும்பி வந்தான்.

“செயின் போச்சா?”

“இல்ல.”

“காத்து போச்சா?”

“இல்ல.”

“அப்ப ஏன் எறங்கின?”

பங்களாவைக் காட்டினேன். அவன் குனிந்து என் சக்கரத்தைப் பார்த்தான், பிறகு பங்களாவை நன்றாகப் பார்த்தான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. துரை கொழும்புக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

“அங்க ஆள் இல்லையே” என்றான்.

ஆள் இல்லாத வீட்டுக்கு நான் இறங்கி நடந்திருக்கிறேன். வேலி முடிகிற இடம்தான் ரோட்டில் மிகச் செங்குத்து. அங்கே நின்று திரும்ப ஏறி மிதிக்க யாராலும் முடியாது. ஆக, இத்தனை வருடத்தில் அந்த ஏற்றத்தை ஒரு தடவைகூட நான் முழுதாக ஏறியதில்லை. என் காலுக்கு ஏறத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதற்கு இறங்கத்தான் தெரிந்திருந்தது.

வீட்டில் என் பெண்சாதி லெட்சுமியிடம் சொன்னேன், இனி இறங்கமாட்டேன் என்று. வேலையை விட்டு நிறுத்தினால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். அவளுக்கு அது தெரியாததல்ல. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

“எறங்குனா மட்டும் பங்களாவ நமக்குக் குடுக்கப் போறாங்களா?” என்றாள்.

துரை திரும்பி வந்த பிறகுதான் செய்தேன். ஆள் இல்லாதபோது செய்தால் அது கணக்கில் வராது. வேலி தொடங்கியது. இறங்குவதற்குக் கால் தானாக எழுந்தது. திரும்ப மிதியில் அழுத்தினேன். முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். வேலி முடிந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோருக்கும் வேலை பிரிக்கிற இடத்தில், துரைக்குக் கீழே தோட்ட வேலையைப் பார்க்கிற கண்டாக்கையா என்னை முன்னால் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“நேற்று இறங்காமல் போனனியாம்.”

“ஏத்தமுங்க. எறங்குனா ஏற முடியாதுங்க.”

“இது உங்கட ஊரில்லை. இறங்காமல் ஓடுறதெண்டால் உங்கட ஊரில போய் ஓடு.”

தபால் பையை வாங்கிக்கொண்டார். கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். தேயிலைச் செடி வெட்டப் போனேன். கை கொப்பளித்தது. சைக்கிள் என்னுடையது, அதை அவர்கள் வாங்கிக்கொள்ள முடியாது. வேலை முடிந்ததும் தினமும் அதே ரோட்டில் ஏறினேன். தினமும் இறங்கவில்லை.

சவாரி அன்று ஞாயிற்றுக்கிழமை. அட்டனில் தொப்பி போட்டவர்கள், சாரம் கட்டியவர்கள், மணி மட்டும் புதிதாக வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் வந்திருந்தார்கள். தலவாக்கலை வரைக்கும் பேச்சும் சிரிப்பும். லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் பேச்சு நின்றது. பலர் இறங்கி ஓரமாக உட்கார்ந்தார்கள். ஒரு வளைவில் கார் நின்றது. எங்கள் துரை. பக்கத்தில் கண்டாக்கையா. என் கால் மறுபடி இறங்கப் பார்த்தது. துரை கையை உயர்த்தினார். நில் என்றா, போ என்றா, தெரியவில்லை. இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் நான் போயிருப்பேன்.

நுவரெலியாவில் பனிஸ் கொடுத்தார்கள். பியதாச தன் பங்கை முகர்ந்து பார்த்து, “எங்க பேக்கரி இல்ல” என்று சொல்லிவிட்டுத் தின்றான். தபால் பை திரும்பி வரவில்லை. இன்னும் கவ்வாத்துதான்.

அடுத்த தையில் தம்பி மருதைக்குக் கல்யாணம். விசா எடுத்து முசிறிப் பக்கம் ஊருக்குப் போனேன். சிலோனில் நான் பிரஜை இல்லை என்று காகிதம் தந்தவர்களே, ஊருக்குப் போய்த் திரும்பி வர ஒரு காகிதம் தந்தார்கள். மருதையை அவன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து வாய்க்கால் கரையில் மிதித்தேன். என்ன லேசு! கால் காற்றில் போவது போல இருந்தது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் மருதை என் முதுகைத் தட்டினான்.

“எறங்குண்ணே. பெரிய வீடு வருது.”

பார்த்தேன். வேலி இல்லை, மதில். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். நான் மிதித்தேன். மருதை குதித்து இறங்கிவிட்டான். சைக்கிள் இன்னும் லேசானது. தெருக் கோடியில் நின்று காத்திருந்தேன். அவன் தலை குனிந்து நடந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“நீ நாளைக்குப் போயிருவ. நான் இருக்கணும். எறங்காம ஓட்டுறதுன்னா ஒன் சிலோன்ல போயி ஓட்டிக்க.”

சைக்கிளைக் கொடு என்று கை நீட்டினான். கொடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. சமதரையில் நின்றுகொண்டு, இல்லாத பிரேக்கை என் கை இறுக்கிப் பிடித்திருந்தது.