தேன் இல்லாத தேன் கடை

மழை பொய்த்த அந்த வருடம் வேம்புகூடச் சரியாகப் பூக்கவில்லை, தென்னம்பாளைகள் கருகின. நாமக்கல் பக்கத்தில் எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. பெட்டியில் இருக்கிற தேனை யாரும் எடுக்கக் கூடாது, தேனீக்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று கூட்டத்தில் கறாராகச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒருவர்கூடத் தேனடையில் கை வைக்கவில்லை.

வாரச் சந்தையில் எங்கள் இடத்தை மட்டும் நான் விடவில்லை. பாட்டில்கள் அடுக்கும் மேசைமேல், வாசலுக்கு வலை அடித்த தேனீப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ரீங்காரம் கேட்டது.

வழக்கமாக வாங்குகிறவர் வந்தார். "தேன் எங்கீங்க?"

"பொட்டிக்குள்ளார இருக்குதுங்க."

"அப்ப எடுத்துக் குடுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "முடியாதுங்க. சம்பாதிச்சவங்க சாப்பிட்டுட்டு இருக்கறாங்க."